பெட்டி வேறு இடத்தில் திறந்திருக்கிறது

இது நடந்தது. எனக்கு நடந்தது. பட்டப்பகலில், மத்தியானம் இரண்டே காலுக்கும் நாலு மணிக்கும் நடுவில் நடந்தது. பேய் என்றால் ராத்திரியில்தான் வரும், நாய் ஊளையிடும், கரண்ட் போகும் என்று காத்திருப்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். கரண்ட் போகவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். நாய் வாசலில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

நேரத்தை எல்லாம் நான் குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. எங்கள் கடையில் வேலைச் சீட்டு என்று ஒன்று உண்டு. போன இடத்தில் என்ன செய்தோம், எத்தனை மணிக்குச் செய்தோம் என்று நிமிடக் கணக்காக எழுத வேண்டும். எழுதாத வேலை செய்யாத வேலை என்பார் எங்கள் முதலாளி. அந்தச் சீட்டின் கார்பன் பிரதி இப்போது என் முன்னால் இருக்கிறது. சந்தேகம் இருப்பவர்கள் வந்து பார்க்கலாம்.

என் வேலை கணினி பழுது பார்ப்பது. அதிலும் மின்னஞ்சல் கோளாறு என்றால் என்னைத்தான் அனுப்புவார்கள். இந்தக் காலத்தில் எல்லோரும் போனிலேயே மெயில் பார்த்துவிடுகிறார்கள். மேசைக் கணினியில், அதற்கென்று ஒரு மென்பொருளைப் போட்டு, பொத்தானை அழுத்தி மெயில் இறக்கிப் படிக்கிறவர்கள் வக்கீல்கள், டாக்டர்கள், வயதானவர்கள் மட்டும்தான். அது "இணைய முடியவில்லை" என்று அடம் பிடித்தால் நான் போவேன். பத்தில் ஏழு வீட்டில் கேபிள் கழன்றிருக்கும். பெருக்கும்போது கழன்றது என்பார்கள். யார் பெருக்கினார்கள் என்று மட்டும் கேட்கக்கூடாது, சண்டை வரும். மீதி மூன்றில் கடவுச்சொல் தப்பாக இருக்கும், அல்லது பெட்டி நிரம்பி வழியும். பதினெட்டு வருடம் இதையே செய்தவனுக்குப் புதிதாகப் பார்க்க ஒன்றும் இருக்காது என்றுதான் நினைத்திருந்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அப்போது என் மனைவி போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. கடைசியில் பத்து நாள் மூச்சு மெஷினில் வைத்திருந்தார்கள். பத்தாம் நாள் காலை டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எடுத்துடலாமா?" என்று கேட்டார். நான் "சரிங்க" என்றேன். ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன். அவ்வளவுதான். நான் அழவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்டு மரத்துப்போக வைப்பார்களே, அது மாதிரி ஆகிவிட்டது. அந்த ஊசி இறங்கவே இல்லை. வேலைக்குப் போனேன், சாப்பிட்டேன், தூங்கினேன். யார் திட்டினாலும் உறைக்கவில்லை. "உனக்கென்னப்பா, கல்லுளிமங்கன்" என்று முதலாளி கேலி செய்தார். அதுவும் உறைக்கவில்லை.

அந்த நிலையில்தான் அந்த வீட்டுக்குப் போனேன்.

மணி 2.15. கதவைத் திறந்தது மகள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். தூங்கிப் பல நாள் ஆன முகம். உள்ளே ஜன்னலோரம் மேசை, அதன்மேல் கணினி. கணினிக்கு எதிரே இருந்த நாற்காலி காலியாக இருந்தது. பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காருவார்களே, அப்படி. மடியில் ஒரு கோடு போட்ட நோட்டு. ஓய்வு பெற்ற கணக்கு டீச்சராம்.

மகள் என்னைச் சமையலறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்த் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"எங்க அண்ணன் சரக்குக் கப்பல்ல எலக்ட்ரீஷியன் சார். கப்பல்கிட்டேர்ந்து பதினாறு நாளா ஒரு தகவலும் இல்ல. முழுகியிருக்கலாம்னு சொல்றாங்க. தேடறாங்களாம். கப்பல் கம்பெனிக்குப் போன் பண்ணா, எல்லா விவரமும் மெயில்ல அனுப்பியிருக்கோம், அதைப் பாருங்கன்னு வச்சிடறாங்க. அந்த மெயில் அம்மா பெட்டிக்குத்தான் வருது. வேற முகவரிக்கு அனுப்புங்கன்னா, அதுக்கும் அம்மா பெட்டியிலேர்ந்து மெயில் வரணுமாம். ஆனா பெட்டி திறக்கவே மாட்டேங்குது. எங்கண்ணன் இருக்கானா இல்லையான்னு அதுக்குள்ளதான் சார் இருக்கு."

"பார்த்துடலாம்" என்றேன். எனக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. பையைத் திறந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

2.22. மென்பொருளில் "அனுப்பு, பெறு" பொத்தானை அழுத்தினேன். பச்சைக் கோடு பாதி வரை ஓடி நின்றது. ஒரு சின்னக் கட்டம் எழுந்தது.

"இந்த அஞ்சல் பெட்டி இப்போது வேறு இடத்தில் திறந்திருக்கிறது. பிறகு முயலவும்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. தெரிந்த நோய். இவர்கள் வைத்திருந்தது பழைய காலத்துப் பெட்டி. அதற்குள் ஒரு சமயத்தில் ஒருவர்தான் போக முடியும். குளியலறை மாதிரி. உள்ளே ஆள் இருந்தால் வெளியே துண்டோடு நிற்க வேண்டியதுதான்.

"வேற யாருக்காவது இதோட கடவுச்சொல் தெரியுமா?"

மகள் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் சொன்னார்.

"பெரியவனுக்குத் தெரியும். அவன்தான் இதைப் போட்டுக் குடுத்தது. அவனுக்குத் தனியா ஒண்ணு வச்சுக்கச் சோம்பல். ரெண்டு பேருக்கும் ஒரே பெட்டி."

பிறகு அவர்கள் வீட்டு வழக்கத்தைச் சொன்னார். கப்பலில் ஆட்களுக்கென்று ஒரே ஒரு கணினி. ஆளுக்குப் பதினைந்து நிமிடம். மகன் தன் முறை வந்ததும் உட்கார்ந்து இந்தப் பெட்டியைத் திறப்பான். அவன் உள்ளே இருக்கும்வரை இங்கே அம்மாவால் திறக்க முடியாது. இந்தக் கட்டம்தான் வரும். கட்டம் வந்தால் டீச்சர் எழுந்து போய் டீ போடுவாராம். டீ குடித்துவிட்டு வந்து பொத்தானை அழுத்தினால் மகனின் கடிதம் இருக்கும். நாலு வருடமாக அப்படித்தான்.

"இந்தக் கட்டம் வந்தா அவன் வந்து உக்காந்துட்டான்னு அர்த்தம் தம்பி. இது ரிப்பேர் இல்ல. நீங்க கிளம்புங்க."

மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "பதினாறு நாளா இதையேதான் சொல்றாங்க."

நான் விளக்கினேன். எனக்கு இது மனப்பாடம். கப்பலில் யாரோ பெட்டியைத் திறந்து வைத்திருந்தபோது லைன் போயிருக்கும். மூடாமலே போயிருக்கும். அஞ்சல் நிறுவனத்தின் கணினி, ஆள் இன்னும் உள்ளே இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். இதைத் தொங்கும் இணைப்பு என்போம். வழக்கமாகப் பத்து நிமிடத்தில் தானாகவே விழுந்துவிடும். சில சமயம் விழாது. நாம் வெட்டிவிட வேண்டும்.

டீச்சர் கேட்டுக்கொண்டார். வகுப்பில் தப்பான விடை சொல்லும் பையனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"அப்போ யாரு அடிக்கறா?" என்றார்.

"எது?"

அவர் கணினிப் பெட்டியின் முகப்பைக் காட்டினார். அங்கே ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. ஒருமுறை மின்னியது. அணைந்தது. டீச்சரின் உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தார். மறுபடி மின்னியது. நோட்டில் எழுதினார்.

"அது வட்டு ஓடற விளக்குங்க. எல்லாக் கணினியிலயும் மின்னும்."

"அவன் ரெண்டு விரல்லதான் அடிப்பான். ஒவ்வொரு எழுத்தாத் தேடித் தேடி."

நோட்டை என்னிடம் நீட்டினார். பக்கம் பக்கமாக எண்கள். தேதி போட்டு, கட்டம் கட்டி, கணக்கு டீச்சர் கையெழுத்தில். முதல் நாள் 2, 2, 3, 2. ஆறாம் நாள் 5, 4, 5. பத்தாம் நாள் 8, 9. நேற்று 13, 13, 14.

இன்றைக்கு 17. 18. 18.

பதினாறு நாளாக அவர் இந்த விளக்கு ஒருமுறை மின்னி மறுமுறை மின்னும் இடைவெளியை நொடிக் கணக்கில் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். துக்கம் மனிதரை எதெல்லாம் செய்ய வைக்கிறது என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

2.40. வழக்கமான சோதனைகளைத் தொடங்கினேன். கணினியை அணைத்துப் போட்டேன். அதே கட்டம். கடவுச்சொல்லைத் தப்பாக அடித்தேன். கடவுச்சொல் தவறு என்று வர வேண்டும். அதே கட்டம்.

சரி, ஏதோ பழைய செய்தியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது என்று நினைத்தேன்.

2.51. பின்னால் கை விட்டு இணையக் கேபிளைப் பிடுங்கினேன். இது எங்கள் தொழிலில் பாலபாடம். கேபிள் இல்லாவிட்டால் எந்த மென்பொருளும் "இணையம் இல்லை" என்றுதான் சொல்லும். வேறு எதுவும் சொல்ல முடியாது. கேபிளைக் கையில் வைத்துக்கொண்டே பொத்தானை அழுத்தினேன்.

பச்சைக் கோடு ஓடியது. பாதியில் நின்றது.

"இந்த அஞ்சல் பெட்டி இப்போது வேறு இடத்தில் திறந்திருக்கிறது."

கேபிளைப் பார்த்தேன். என் கையில்தான் இருந்தது. அதன் முனை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

எனக்குப் பயம் வரவில்லை. சத்தியமாக வரவில்லை. கை மயிர் மட்டும் எழுந்து நின்றது. உடம்புக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை என்று அதை வேடிக்கை பார்த்தேன்.

3.05. மென்பொருளில் பதிவேடு என்று ஒரு வசதி உண்டு. இங்கிருந்து என்ன போகிறது, அங்கிருந்து என்ன வருகிறது என்று வரி வரியாக எழுதி வைக்கும். அதைத் திறந்துவிட்டேன். நான் பொத்தானை அழுத்திய வரிகள் இருந்தன. அதற்குக் கீழே...

காலி வரி ஒன்று. நேரம் மட்டும் போட்டிருந்தது.

சிவப்பு விளக்கு மின்னியது. இன்னொரு காலி வரி.

மறுபடி மின்னியது. இன்னொன்று.

நான் எதையும் தொடவில்லை. கேபிள் தரையில் கிடந்தது.

"பத்தொன்பது" என்றார் டீச்சர், எழுதிக்கொண்டே.

மகள் பின்னால் வந்து நின்றாள். "என்ன சார் ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. அங்கதான் கோளாறு. நிறுவனத்துக்குப் போன் போடறேன்."

3.20. அஞ்சல் நிறுவனத்தின் உதவி எண்ணில் வழக்கமாக எடுக்கும் பெண்தான் எடுத்தாள். முகம் பார்த்ததில்லை, குரல் பல வருடப் பழக்கம். விஷயத்தைச் சொன்னேன். அவள் தேடிப் பார்த்தாள்.

"சார், இது திறந்து பதினாறு நாள் ஆகுது."

"தெரியும். தொங்கிட்டிருக்கு."

"தொங்கலையே சார். சும்மா இருந்தா பத்து நிமிஷத்துல நாங்களே வெட்டிடுவோம். இதுல ஏதோ வந்துட்டே இருக்கு. ஒவ்வொரு எழுத்து அளவுக்கு."

"எங்கேர்ந்து?"

"இடம் காட்டணும். காலியா இருக்கு." பிறகு சொன்னாள், "இப்ப ஒண்ணு வந்துச்சு."

சிவப்பு விளக்கு மின்னியது.

நான் விளக்கையே பார்த்தேன். டீச்சர் எண்ணினார். பக்கத்து வீட்டுத் துணி துவைக்கும் சத்தம் எப்போது நின்றதென்று தெரியவில்லை.

"இப்ப" என்றாள் போனில்.

விளக்கு மின்னியது.

கேபிள் தரையில்.

"சார்... உங்க பக்கம் தண்ணிக் குழாய் ஏதாவது திறந்திருக்கா?"

"இல்லையே."

"தண்ணி அலையற மாதிரி கேக்குது சார். ரொம்ப நேரமா."

எனக்கு எதுவும் கேட்கவில்லை.

"இப்ப" என்றாள்.

இருபத்திரண்டு.

அந்த இடைவெளி எனக்குத் தெரிந்த இடைவெளி. ஆஸ்பத்திரியில் ஒரு திரையைப் பத்து நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். அதிலும் ஒரு புள்ளி இப்படித்தான் வரும். வரும், வரும் என்று காத்திருப்போம். வந்ததும் மூச்சு விடுவோம். நாளாக ஆக அதுவும் இப்படித்தான் தள்ளித் தள்ளி வந்தது. அதெல்லாம் ஞாபகம் வந்தது. ஆனால் வேறு யாருக்கோ நடந்த விஷயம் போல வந்தது.

3.41. போனில் அவள் சொன்னாள். "என்னால இங்கேர்ந்து வெட்ட முடியும் சார். வெட்டினா உங்க மெயில் எல்லாம் உடனே இறங்கிடும். ஆனா வீட்டுல யாராவது ஒருத்தர் சரின்னு சொல்லணும்."

நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு மகளைப் பார்த்தேன்.

டீச்சர் முக்காலியிலிருந்து எழுந்தார். அவர் எழுந்ததை அப்போதுதான் பார்க்கிறேன். சின்ன உருவம்.

"இன்னைக்கு ஒரு நாள் விடுங்க தம்பி. களைச்சுப் போயிருக்கான். மெதுவாத்தான் அடிக்கிறான். முடிச்சிடுவான். நாளைக்கு வந்து என்ன வேணா பண்ணுங்க."

"அம்மா!" மகளுக்குக் குரல் உடைந்தது. "அவங்க என்ன எழுதியிருக்காங்கன்னு தெரிய வேண்டாமா? கண்டுபிடிச்சிருந்தா? எங்கயாவது ஆஸ்பத்திரியில இருந்தா? நாம இங்க ஒரு விளக்கைப் பார்த்துட்டு உக்காந்திருக்கோம்!"

டீச்சர் விளக்கின் பக்கம் திரும்பினார். விளக்கு மின்னியது. எண்ண ஆரம்பித்தார்.

மகள் என்னைப் பார்த்தாள். அவளாலும் வாய் திறந்து சொல்ல முடியவில்லை. "நீங்களே சொல்லிடுங்க சார்" என்றாள்.

இருபத்தாறு.

எனக்கு அடுத்து இன்னொரு வீடு இருந்தது. சீட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. மென்பொருளில் பழுது, நீக்கினேன் என்று எழுதிவிட்டுப் போக வேண்டும். உள்ளே இருப்பது யார் என்று நான் கேட்கவில்லை. எங்கள் தொழிலில் யாரும் கேட்பதில்லை.

3.52.

"சரிங்க" என்றேன். "கட் பண்ணுங்க."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் எனக்கே கேட்டது.

விளக்கு மின்னவில்லை.

முப்பது... நாற்பது... டீச்சர் எண்ணிக்கொண்டே இருந்தார்.

அறுபது.

நூறு.

நோட்டை மூடினார்.

நான் கேபிளை மாட்டிப் பொத்தானை அழுத்தினேன். பச்சைக் கோடு கடைசி வரை ஓடியது. நாற்பத்தொரு மெயில்கள் சரசரவென்று இறங்கின. மகள் என்னைத் தள்ளாத குறையாக நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தாள். இன்று தேடிய பகுதி, நாளை தேடப்போகும் பகுதி, காற்றின் வேகம், தகவல் இல்லை. மறுநாள், தகவல் இல்லை. எல்லாமே அதுதான். அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மெயில் இருந்தது. அனுப்புநர் பெயர் இல்லை. தலைப்பு இல்லை. நேரம் 3.52.

திறந்தேன். வெள்ளையாக இருந்தது. ஒரு எழுத்துகூட இல்லை. ஆனால் ஓரத்தில் இருக்கும் நகர்த்தும் பட்டை மிளகு அளவுக்குச் சுருங்கியிருந்தது. அப்படியென்றால் பக்கம் மிக நீளம் என்று அர்த்தம். கீழே நகர்த்தினேன். வெள்ளை. இன்னும் கீழே. வெள்ளை. முடியவே இல்லை.

டீச்சர் என் கையிலிருந்து மவுஸை வாங்கிக்கொண்டார். மேலே, முதல் வரிக்குப் போனார். கண்ணாடியைச் சரி செய்துகொண்டார்.

அவர் படித்தார்.

நான் பார்த்தேன். அவர் கண் இடமிருந்து வலமாகப் போனது. வரி முடிந்ததும் அடுத்த வரிக்குத் திரும்பியது. ஒரு இடத்தில் லேசாகச் சிரித்தார்.

4.05க்குச் சீட்டில் மகளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். செருப்பை மாட்டினேன். நாய் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். கோளாறான கணினி, சோகத்தில் ஒரு அம்மா, தூக்கம் கெட்ட நான் என்று கை கழுவி விட்டிருப்பேன்.

மறுநாள் காலை மகள் போன் செய்தாள். முந்தின நாள் சாயங்காலம் 6.20க்கு ஒரு ரப்பர்ப் படகைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதில் இரண்டு பேர். ஒருவர் கப்பலின் சமையல்காரர். உயிரோடு இருந்தார். இன்னொருவர் அவளுடைய அண்ணன்.

"உடம்பு இன்னும் சூடாவே இருந்துச்சாம் சார்" என்றாள். வேறொன்றும் சொல்லாமல் வைத்துவிட்டாள்.

நானும் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

ஒரு மாதம் கழித்து மறுபடி கூப்பிட்டாள். கணினியில் கோளாறா என்று கேட்டேன். இல்லை, ஒருதரம் வந்துவிட்டுப் போங்கள் என்றாள். போனேன். கூடத்தில் சமையல்காரர் உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டி, உதடு இன்னும் வெடித்திருந்தது. டீச்சர் அதே முக்காலியில். கணினியின் மேல் துணி போட்டு மூடியிருந்தது.

"அம்மாகிட்ட சொல்லிட்டேன். உங்ககிட்டயும் சொல்லச் சொன்னாங்க" என்றார் சமையல்காரர்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"முதல் நாள்லேர்ந்தே அவர் தொடையில ரெண்டு விரலால தட்டிட்டே இருப்பாருங்க. என்னண்ணே பண்றீங்கன்னு கேட்டேன். அம்மாவுக்கு மெயில் அடிக்கிறேன்னார். சரி, மூளை கலங்கிடுச்சுன்னு விட்டுட்டேன். ராத்திரி பகல்னு இல்ல, தட்டிட்டே இருப்பார். தண்ணி தீந்துபோச்சு, அப்பவும் தட்டறார். அம்மா எதிர்ல உக்காந்து எண்ணிட்டிருக்காங்க, நிறுத்தினா பயந்துடுவாங்கன்னு சொல்லுவார். கடைசி ரெண்டு நாளா ரொம்ப மெதுவா... ஒரு தட்டு தட்டிட்டு நிப்பாட்டி, மூச்சு வாங்கி, இன்னொரு தட்டு. எனக்கே அதைப் பார்த்துட்டு இருந்தாத்தான் தெம்பா இருக்கும்."

நிறுத்தித் தண்ணீர் குடித்தார். தண்ணீரை மெதுவாக, டம்ளரின் அடி வரை குடித்தார்.

"அன்னைக்கு மத்தியானம் தட்டிட்டே இருந்தவரு சட்டுனு நிறுத்திட்டு விரலைப் பார்த்தார். என்னண்ணே, கட் ஆயிடுச்சான்னு கேட்டேன். விளையாட்டுக்குத்தான் கேட்டேன். அவர் என்னைப் பார்த்து, ஆகலடா, கட் பண்ணிட்டாங்கன்னார். அவ்வளவுதான். அப்புறம் கண்ணைத் திறக்கல."

டீச்சர் காலி டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார்.

"அப்ப மணி என்ன?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

அவர் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். கண்ணாடி கீறல் விழுந்த ஒரு பழைய கைக்கடிகாரம்.

"என் பொண்ணு ஸ்கூல் விட்டு வர்ற நேரம் தெரியணும்னு இதுல எப்பவும் வீட்டு நேரம்தான் வச்சிருப்பேன். அன்னைக்கு அவ வந்திருப்பாளான்னு அப்பதான் பார்த்தேன்."

அவர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும். டீச்சருக்கும் தெரியும்.

டீச்சர் என்னைத் திட்டவில்லை. வாசல் வரை வந்தார். "உங்க வீட்டுல யாரு இருக்காங்க தம்பி?" என்று கேட்டார். யாரும் இல்லைங்க என்றேன். அவர் தலையை ஆட்டினார். என் மனைவி விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது, ஆனால் தெரிந்திருந்தது.

தெருமுனை வரை நடந்தேன். அங்கே ஒரு மூடிய கடையின் படியில் உட்கார்ந்தேன். ஐந்து மாதமும் ஒரு மாதமும் சேர்ந்து அப்போதுதான் வலித்தது.

இன்றைக்கும் அதே வேலைதான் செய்கிறேன். தொங்கும் இணைப்பை மட்டும் வெட்டுவதில்லை. காத்திருங்கள், தானாக விழும் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். முதலாளி திட்டுகிறார்.

அந்த நாளின் கார்பன் பிரதி நீல எழுத்தில் கொஞ்சம் மங்கியிருக்கிறது. கடைசி வரியை மட்டும் நன்றாகப் படிக்க முடிகிறது. அழுத்தி எழுதியிருக்கிறேன்.

"3.52. இணைப்பு துண்டிக்கப்பட்டது. பழுது நீங்கியது."